நாற்பது பேர்ச்சஸ் பூங்கா

“கான் எங்கே பிள்ளை?”

செகண்ட் லைஃப் என்ற இணைய உலகத்தில் மூன்று வாரம் கண்விழித்துக் கட்டிய தேயிலை மலையை மடிக்கணினியில் அம்மாவுக்குக் காட்டியபோது அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். கான் என்றால் மலையில் மழைநீர் வடிய வெட்டும் வாய்க்கால். “நம் மலை மாதிரியே இருக்கிறதே” என்று ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன். அம்மா கண்ணாடியைச் சேலைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். “கான் வெட்டாமல் மலையில் எப்படித் தேயிலை நிற்கும்? ஒரு மழைக்கு எல்லாம் ஆற்றுக்கு வந்துவிடும்.”

அங்கே மழை பெய்யாது என்றேன்.

“மழை பெய்யாத இடத்தில் தேயிலை எதற்கு?”

முப்பத்திரண்டு வருடம் கொழுந்து எடுத்தவரிடம் இதற்குமேல் வாதாட முடியாது. மூடி வைத்துவிட்டுப் படுத்தேன். மறுநாள் கான் வெட்டினேன். அங்கே நான் கட்டிய பூங்கா ஓரளவு பூங்காவாக மாறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

செகண்ட் லைஃப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அமெரிக்காவின் லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூனில் திறந்துவிட்ட இணைய உலகம் அது. விளையாட்டு மாதிரி தெரியும். ஆனால் புள்ளி இல்லை, எதிரி இல்லை, வெற்றி தோல்வி இல்லை. ஓர் அவதாரத்தை எடுத்துக்கொண்டு நடக்கலாம், பறக்கலாம், பேசலாம், காணி வாங்கலாம், வாங்கிய காணியில் கட்டலாம். அங்கே பார்க்கும் மரம், வீடு, நாற்காலிகளில் பெரும்பாலானவை எங்களைப் போன்ற பாவனையாளர்கள் செய்தவை. நான் இலங்கை மலையகத்தின் ஹட்டனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்கிறேன். போட்டோ பிரதி, தட்டச்சு, இணைய விண்ணப்பம், பாஸ்போர்ட் படம். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டுக் கடையை மூடியபோது, வீட்டில் இருந்த பழைய மடிக்கணினியில் இதற்குள் நுழைந்தேன். நுழைந்து ஒரு வருடம் சும்மா சுற்றினேன். பாரிஸ் என்றார்கள், போனேன். ஜப்பானியத் தோட்டம் என்றார்கள், போனேன். எங்கே போனாலும் உட்காரப் பெஞ்ச் இருந்தது. நான் உட்கார்ந்தேன். யாரும் “இங்கே என்ன வேலை” என்று கேட்கவில்லை.

இது ஒரு பெரிய விஷயமா என்று நகரத்துக்காரர்கள் கேட்கலாம். தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்த பெண்ணுக்குப் பெரிய விஷயம்தான். நாங்கள் இருக்கும் வரிசை வீடுகளான லயத்தைச் சுற்றியுள்ள நிலம் அத்தனையும் தோட்டத்துக் கணக்கில் இருக்கிறது. ஒரு மைதானம் உண்டு. அது பையன்களின் கிரிக்கெட்டுக்கு. கோயில் முற்றம் உண்டு, அது திருவிழாவுக்கு. ஒரு பெண் மாலை ஐந்து மணிக்கு ஒரு கல்லின்மேல் தனியாகக் கால் நீட்டி உட்கார்ந்தால், இருட்டுவதற்குள் அந்தச் செய்தி வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடும். நுவரெலியாவில் விக்டோரியா பூங்கா இருக்கிறது. மகாராணியின் ஆட்சி அறுபது வருடத்தை எட்டிய 1897இல் அந்தப் பெயரை வைத்தார்கள். அழகான இடம், பறவை பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். ஆனால் பஸ் கட்டணம், நுழைவு டிக்கெட் எல்லாம் சேர்த்தால் அது வருடத்துக்கு ஒரு முறை குடும்பத்தோடு போய்ப் படம் எடுத்துவிட்டு வரும் இடம். ஒரு செவ்வாய்க்கிழமை மாலையில் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வரக்கூடிய இடம் அல்ல. அப்படி ஓர் இடத்தை எங்காவது செய்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. நிலம் கையில் இருந்தது அந்த உலகத்தில் மட்டும்தான்.

2021இல் பிரீமியம் கணக்கு எடுத்தேன். அப்போது வருடத்துக்கு 99 டொலர். அந்தக் கணக்கோடு 1024 சதுர மீட்டர் காணியை மேல் வாடகை இல்லாமல் வைத்துக்கொள்ளலாம். நீளமும் அகலமும் 32 மீட்டர். எங்கள் ஊரில் காணி அளக்கும் பேர்ச்சஸ் கணக்கில் மாற்றிப் பார்த்தேன்: நாற்பது பேர்ச்சஸுக்குக் கொஞ்சம் கூட. எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு தோட்டக் குடும்பத்துக்கு ஏழு பேர்ச்சஸ் காணி என்பதே எத்தனையோ லயங்களில் இன்னும் பேச்சாகவே இருக்கிறது. நான் இரவு பதினொரு மணிக்குப் போர்வைக்குள் உட்கார்ந்தபடி நாற்பது பேர்ச்சஸுக்குச் சொந்தக்காரி ஆனேன். அம்மாவிடம் சொன்னேன். “உறுதி எங்கே?” என்று காணிப் பத்திரத்தைக் கேட்டார்.

காணி வாங்கும்போது நான் செய்த ஒரே புத்திசாலித்தனம், பொதுச் சாலையை ஒட்டிய துண்டைத் தேர்ந்தெடுத்தது. அந்த உலகத்தின் பெருநிலத்தில் நிறுவனமே போட்டுப் பராமரிக்கும் சாலைகள் உண்டு. அவற்றின் வழியே மாட்டு வண்டி முதல் பறக்கும் தட்டுவரை எல்லாவற்றையும் ஓட்டிக்கொண்டு மனிதர்கள் போகிறார்கள். பூங்காவை விளம்பரம் செய்து ஆள் சேர்ப்பதைவிட, போகிறவர்கள் ஒரு நிமிடம் நின்று எட்டிப் பார்க்கும்படி வைப்பது எளிது. விலை மலிவு என்று நடுக்காட்டில் வாங்கிய ஒருவரின் பூங்கா எவ்வளவோ அழகாக இருந்தது. அங்கே நான் போன ஏழு தடவையும் என்னைத் தவிர யாரும் இல்லை.

இனிக் கணக்குக்கு வருகிறேன். அந்த உலகத்தில் நிலத்தின் பரப்பைவிட முக்கியமானது அது எவ்வளவு பொருளைத் தாங்கும் என்பது. லேண்ட் இம்பாக்ட் என்பார்கள். நான் நிலச்சுமை என்று சொல்லிக்கொள்கிறேன். ஒரு முழுப் பிராந்தியம் 256க்கு 256 மீட்டர். பெருநிலத்தில் அது தாங்குவது 22,500. அதில் என் நாற்பது பேர்ச்சஸுக்கு விழும் பங்கு 351. அதற்குமேல் ஒரு பூந்தொட்டிகூட வைக்க முடியாது. நான் முதலில் செய்த தேயிலைச் செடி ஒன்றுக்கு ஒரு சுமை. நான்கடிக்கு இரண்டடி இடைவெளியில் நட்டால் அந்தக் காணிக்கு ஏறத்தாழ 1,380 செடி வேண்டும். பாதை, பெஞ்ச், மரம், வேலி எதுவும் இல்லாமலே ஆயிரத்துக்கு மேல் கடன். கணக்கப்பிள்ளையாக இருந்த மாமா ஒருவர் சொல்வார், பேர் போடுமுன் பற்றுச்சீட்டைப் பார் என்று. நான் பார்க்கவில்லை. மற்றவற்றோடு 290 செடியையும் நட்டு முடித்த பிறகுதான் பெஞ்ச் வைக்கப் போய், இடம் இல்லை என்று செய்தி வந்தது.

அதுதான் நான் அம்மாவிடம் காட்டிய மலை. செடிகளை மேலிருந்து கீழாகக் கோடு பிடித்தது போல நட்டிருந்தேன். ஒவ்வொன்றும் பந்து மாதிரி உருண்டையாக இருந்தது. கானுக்கு அடுத்து அம்மா சொன்னது அதைப் பற்றித்தான். “இது குரோட்டன். தேயிலைக்கு மேல்பக்கம் பாய் விரித்த மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். கொழுந்து எடுக்கிற கை மட்டத்தைப் பார்த்துத்தான் போகும்.” பிறகு என் கையைப் பிடித்துத் திரையின்மேல் குறுக்காக இழுத்துக் காட்டினார். நிரை மலையின் உடம்பைச் சுற்றிப் போக வேண்டுமாம், வளையல் போட்ட மாதிரி.

இந்த இரண்டு வாக்கியமும் என் சுமைக் கணக்கைத் தீர்த்துவைக்கும் என்று அம்மாவுக்குத் தெரியாது. கணினி எந்த வடிவத்தையும் சிறு முக்கோணங்களால்தான் கட்டுகிறது. மேல்பக்கம் மட்டம் என்றால் உருண்டைக்குத் தேவையான நூற்றுக்கணக்கான முக்கோணங்கள் தேவையில்லை. ஒரு நிரையில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு செடிகளைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் ஒரே மெஷ்ஷாக, அதாவது ஒரே முக்கோண வலையாகச் செய்து, மேலே மேடுபள்ளம் லேசாக வைத்த ஒரு பரப்பையும், பக்கங்களில் இலைப் படம் ஒட்டிய சில தகடுகளையும் கொடுத்தேன். ஒரு நிரைக்கு மூன்று சுமை. முன்பு 290 தின்ற இடத்தில் இப்போது 66. தூரத்தில் இருந்து பார்க்கும்போது காட்ட வேண்டிய எளிய வடிவத்தையும் கையாலேயே செய்து ஏற்றினேன். அந்த வேலையை மென்பொருளிடம் விட்டால், இருபது மீட்டர் தள்ளி நின்றதும் தேயிலை கிழிந்த காகிதமாகிவிடும். மெஷ் செய்கிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் சோம்பல் படுகிறார்கள்.

கான் இன்னொரு உபகாரம் செய்தது. மெஷ்ஷின் ஓரம் நிலத்தில் புதையும் இடத்தில் ஒரு கோடு அசிங்கமாகத் தெரியும்; எதைப் போட்டு மறைப்பது என்று அலைந்துகொண்டிருந்தேன். குறுக்கே ஒரு கான் ஓடியதும் அந்தக் கோடு கானின் கரையாகிவிட்டது. கானை ஒட்டியே ஒற்றையடிப் பாதை. தோட்டத்திலும் அப்படித்தானே நடக்கிறோம்.

மலையின் உயரத்தில்தான் தோற்றேன். பெருநிலத்தில் பெரும்பாலான இடங்களில் நிலத்தை நான்கு மீட்டர் உயர்த்தலாம், நான்கு மீட்டர் தாழ்த்தலாம், அவ்வளவுதான். எட்டு மீட்டரில் என்ன மலை? அம்மா “மேடு” என்றார். உயரம் கிடைக்காத இடத்தில் நடையை நீட்டினேன். கேட்டிலிருந்து மேலே போக நேர்ப் படி வைத்தால் ஆறு விநாடியில் ஏறிவிடலாம். எங்கள் குறுக்குப் பாதை மாதிரி மூன்று திருப்பம் வைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் கற்கட்டு கட்டி, அடுத்த பகுதி கண்ணுக்குத் தெரியாமல் செய்ததும் ஒரு நிமிட ஏற்றம் ஆனது. வந்தவர்களில் ஒருவர் “மூச்சு வாங்குகிறது” என்று எழுதினார். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான்.

அளவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பழைய லயத்து அறை, நாங்கள் காம்பிரா என்போம், பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதை அங்குலம் பிசகாமல் கட்டி மலையடியில் வைத்தேன். உள்ளே ஒரு ரங்குப் பெட்டி, கயிற்றுக் கொடி, சாமிப் படம். யாராலும் உள்ளே போக முடியவில்லை. அந்த உலகத்தில் பார்க்கும் கண் அவதாரத்தின் தலைக்குப் பின்னால் சில மீட்டர் தள்ளி, கொஞ்சம் மேலே இருக்கிறது. அறை சிறியதென்றால் உடம்பு உள்ளே, கண் சுவருக்கு வெளியே. அவதாரங்களும் சராசரி மனிதரைவிட உயரம், இரண்டு மீட்டர் எல்லாம் சாதாரணம். கட்டுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் வழி, வீட்டை ஒன்றரை மடங்கு பெரிதாக்கு, கதவை மூன்று மீட்டர் வை என்பது. மற்ற எதிலும் நானும் அப்படியே செய்தேன். காம்பிராவைப் பெரிதாக்க மட்டும் கை வரவில்லை. ஒரு கண் நுழைய முடியாத அந்த அறையில் நாங்கள் ஆறு பேர் படுத்தெழுந்தோம். ஒன்றரை மடங்கு ஆக்கினால் அது வேறு யாருடைய வீடோ. கடைசியில் அறையை மூடிவிட்டு, முன்னால் இருக்கும் இஸ்தோப்புத் திண்ணையை மட்டும் திறந்து வைத்தேன். ஆட்கள் அங்கே வந்து உட்கார்ந்தார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று ஓரிருவர் கேட்டார்கள்.

மூடுபனியில் ஒரு மாதம் வீண் போனது. ஒளிபுகும் வெள்ளைத் தகடுகளை அங்கங்கே தொங்கவிட்டேன். பனி மாதிரிதான் இருந்தது, மரம் இல்லாத இடத்தில். இலையும் ஒளிபுகும் படம், பனியும் ஒளிபுகும் படம். இரண்டில் எது முன்னால் என்று கணினிக்குக் குழப்பம் வந்து, நாம் அசைந்தால் மரங்கள் மறைந்து மறைந்து வரும். இலைகளை மாஸ்க் முறைக்கு, அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளியும் முழுதாகத் தெரியும் அல்லது தெரியவே தெரியாது என்ற முறைக்கு மாற்றியது பாதித் தீர்வு. முழுத் தீர்வு காணியின் சூழல் அமைப்பில் இருந்தது. 2020இல் வந்த வசதி அது: ஒவ்வொரு காணிக்கும் தனி வானம், தனி ஒளி, தனிப் புகைமூட்டம் வைக்கலாம். நிலச்சுமை சூன்யம். தகடுகள் அத்தனையையும் கழற்றி எறிந்துவிட்டு மூட்டத்தைக் கொஞ்சம் கூட்டினேன், ஒரு மாதம் தேடிய பனி ஐந்து நிமிடத்தில் இறங்கியது. அதே இடத்தில் பகலின் நீளத்தையும் மாற்றலாம். வழமையாக அங்கே ஒரு நாள் என்பது நான்கு மணி நேரம், மூன்று மணி பகல், ஒரு மணி இரவு. நான் அதை 24 மணியாக்கி, எங்கள் நேரத்துக்குத் தள்ளி வைத்தேன். இங்கே தலவாக்கலையில் விடியும்போது அங்கும் விடியும். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகும் நேரத்தில் அங்கும் அரை இருட்டு.

ஹட்டனில் இருந்து இதைக் கட்டும் ஒருத்திக்கு டேட்டா என்பது அரிசி மாதிரி, அளந்துதான் போட வேண்டும். ஆகவே நான் எல்லோரையும் மந்தமான கணினிக்காரராகவே நினைத்துக் கட்டினேன். பொருளின்மேல் ஒட்டும் 1024 புள்ளி அளவு படம் ஒன்று, அதே படத்தின் 512 அளவைவிட நான்கு மடங்கு நினைவகத்தைத் தின்னும். தூரத்து இலைக்கு 512 போதும், பல நேரம் 256 போதும். மூன்று வகைக் கல்லுக்கு ஒரே படம், நிறத்தை மட்டும் மாற்றினேன். மலைத் தண்ணீர் வந்து விழும் குழாயைப் பீலி என்போம். பீலித் தண்ணீர் ஓடுவது ஸ்கிரிப்ட் என்னும் ஒரு சிறு நிரலால்தான். ஆனால் படம் நகரத் தொடங்கிய பிறகு அந்த ஸ்கிரிப்டை அழித்துவிடலாம். அசைவு அந்தப் பொருளின் குணமாகவே தங்கிவிடும். சேர்வருக்குச் சுமை இல்லை. இதை அறியாமல் ஒவ்வொரு அருவிக்கும் ஒரு ஸ்கிரிப்டை ஓடவிட்டு, பிராந்தியமே மந்தமாக இருக்கிறது என்று புலம்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நானும் ஆறு மாதம் புலம்பியவள்.

வந்து இறங்கும் இடத்தை நீங்கள் குறிக்காவிட்டால் ஆட்கள் கண்ட இடத்தில் விழுவார்கள். என் காணியில் முதல் விருந்தாளி தேயிலைக்குள் இடுப்பளவில் நின்றார். கேட்டுக்கு வெளியே வெறும் மண் தரையில் ஒரு பஸ் தரிப்பிடம் மட்டும் செய்து, எல்லோரும் அங்கே இறங்கும்படி வைத்தேன். அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்பதுதான் காரணம். சாம்பல் நிறத்தில் இருக்கும் உலகம் முழுதாக வந்து சேர அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் நிற்க ஓரிடம் வேண்டும்.

பூங்காவைத் திறந்தபோது என் பெருமை எல்லாம் உச்சியில் கட்டிய காட்சி மேடையில் இருந்தது. மரக் கம்பி, இரண்டு பெஞ்ச், அருவியைப் பார்த்தபடி. ஆட்கள் ஏறி வந்தார்கள், பெஞ்சில் உட்கார்ந்து படம் எடுத்தார்கள், நான்கு நிமிடத்தில் போனார்கள். மாதக்கணக்கில் இதே கதை. மலையடியில் ஒரு பீலியும், அதை ஒட்டிக் கொழுந்து நிறுக்கும் மடுவம் ஒன்றும் வைத்திருந்தேன். அலங்காரத்துக்குத்தான். தகரக் கூரை, நான்கு தூண், ஒரு பலகை. ஒரு நாள் கடையிலிருந்து வந்து பார்த்தால் மடுவத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். இருவர் நிற்கிறார்கள். மேலே மேடையில் ஒருவரும் இல்லை.

ஏன் என்று யோசித்து, அளவு நாடாவை எடுத்தேன். அந்த உலகத்தில் எழுதிப் பேசினால் 20 மீட்டர் தூரம்வரைதான் மற்றவருக்குத் தெரியும். மேடையில் இருப்பவருக்குக் கீழே வந்தவர் சொல்லும் வணக்கம் எட்டாது. மடுவமோ பாதைகள் சேரும் இடம். கேட்டில் நுழைகிறவர், மலையிலிருந்து இறங்குகிறவர், சாலையில் போகிறவர், எல்லோரும் அந்த 20 மீட்டருக்குள் ஒரு தடவை வருகிறார்கள். இன்னொன்று, மேடைப் பெஞ்சுகள் இரண்டும் அருவியைப் பார்த்திருந்தன. மடுவத்துப் பலகையில் உட்கார்ந்தால் எதிரே இருப்பவர் முகம் தெரியும். இதைக் கண்டுபிடித்ததாக நான் பெருமைப்பட ஒன்றுமில்லை. எங்கள் தோட்டத்திலும் ஆட்கள் நின்று பேசும் இடம் பீலிக்கரைதான். வாளி நிரம்பும்வரை பேசலாம், வாளி இருப்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். நான் அதில் வளர்ந்துவிட்டு, பூங்கா கட்டும்போது வெளிநாட்டுப் படத்தில் பார்த்த மேடையைக் கட்டியிருக்கிறேன்.

மேடையைப் பாதியாகக் குறைத்தேன். அதில் ஒரு பெஞ்சை மட்டும் விட்டேன், தனியாக இருக்க விரும்புகிறவர்களுக்கு. மடுவத்திலிருந்து அது 26 மீட்டர். இங்கே பேசுவது அங்கே கேட்காது, அங்கே அழுதாலும் இங்கே தெரியாது. பீலிக்கரையில் நான்கு கல் போட்டேன். ஒவ்வொரு கல்லிலும் உட்காரும் கோணத்தை உயரமான அவதாரம், குள்ளமான அவதாரம் இரண்டாலும் சோதித்தேன். இதைச் செய்யாமல் விட்டால் ஒருவர் கல்லுக்குள் புதைவார், இன்னொருவர் காற்றில் மிதப்பார். எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கும் பீலியின் சத்தத்தைத் தொலைபேசியில் பதிவு செய்து ஏற்றினேன், ஏற்ற அந்த உலகத்துக் காசில் 10 லிண்டன் டொலர் ஆனது. பதிவில் ஒரு சேவல் கூவியிருந்தது. வெட்டலாம் என்று நினைத்து விட்டுவிட்டேன்.

இனி என் அறியாமையின் உச்சம். ஆரம்பத்தில், பொதுப் பூங்கா என்றால் எல்லோருக்கும் எல்லா உரிமையும் என்று நினைத்து, யாரும் பொருள் வைக்கலாம் என்று திறந்துவிட்டிருந்தேன். இரண்டாம் வாரம் யாரோ ஓர் ஆமையை விட்டுப் போனார். நல்ல ஆமை. அடுத்த நாள் அதன்மேல் சுழலும் விளம்பரப் பலகை. மூன்றாம் நாள் என் 351ம் நிரம்பி, என்னாலேயே ஒரு கல் வைக்க முடியவில்லை. வெளியார் வைப்பதைப் பத்து நிமிடத்தில் திருப்பி அனுப்பும் வசதியை அமர்த்தினேன். நிம்மதி.

2022இல் அந்த நிம்மதி என்னையே கடித்தது. அந்த வருடம் எங்களுக்கு எப்படிப் போனது என்று சொல்லத் தேவையில்லை. மார்ச் முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. இருநூறு ரூபாய் சுற்றி இருந்த டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 99 டொலர் என்பது இருபதாயிரத்திலிருந்து முப்பத்தையாயிரம் ரூபாயாக மாறியது, அதுவும் பாணுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நிற்கும் காலத்தில். கணக்கைக் கைவிடுகிறேன் என்று மடுவத்தில் சொன்னேன். அடிக்கடி வரும் கனடா அக்கா ஒருவர், “காணியைக் குழுவின் பெயருக்கு மாற்று, என் பங்கு நிலத்தை நான் அதற்குத் தருகிறேன்” என்றார். கோயம்புத்தூர்த் தம்பி ஒருவரும் சேர்ந்தார். குழுவுக்கு மாற்றினால், ஒவ்வொருவரும் தரும் நிலத்துக்குப் பத்து வீதம் கூடுதலும் கிடைக்கும். மாலை ஆறு மணிக்கு மாற்றினேன். மாற்றி முடித்ததும் மின்சாரம் போய்விட்டது.

விடியற்காலை மின்சாரம் வந்ததும் திறந்தேன். மலை மொட்டையாக இருந்தது. தேயிலை இல்லை, மடுவம் இல்லை, பீலி இல்லை. கான் மட்டும் நிலத்திலேயே வெட்டியது என்பதால் அப்படியே இருந்தது. பொருட்கள் என் பெயரில், காணி குழுவின் பெயரில்; நான் வைத்த திருப்பி அனுப்பும் வசதிக்கு நானே வெளியாள் ஆகிவிட்டேன். எல்லாம் என் பெட்டகத்தில், தொலைந்து கிடைத்தவை என்ற அடுக்கில் குவிந்து கிடந்தன. காணியைக் குழுவுக்கு மாற்றுமுன் ஒவ்வொரு பொருளையும் அதே குழுவுக்குக் குறித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் முதலில் அந்த வசதியை நிறுத்திவிட வேண்டும். இந்த ஒரு வரிக்கு நான் கொடுத்த விலை நான்கு இரவு, மின்சாரம் இருந்த மணிகளில் மட்டும்.

அம்மா மொட்டை மலையைப் பார்த்தார். எனக்குக் கண் கலங்கியிருந்ததைக் கவனித்தாரா தெரியவில்லை. “கவ்வாத்துப் போட்டால் இப்படித்தான் இருக்கும்,” என்றார். “திரும்பத் தளிர்க்கும். போய்த் தூங்கு.”

ஒரு விசேஷத்தைச் சொல்ல வேண்டும். அந்த மாதங்களில் எங்கள் லயத்தில் குப்பி விளக்கு. பூங்காவில் மட்டும் விளக்கு அணையவில்லை, சேர்வர் எங்கோ அமெரிக்காவில் ஓடுகிறது. மின்சாரம் வரும் அரை மணியில் உள்ளே போனால் யாராவது இரண்டு பேர் மடுவத்தில் இருப்பார்கள். நான் இல்லாமல் அவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. முதலில் கொஞ்சம் வலித்தது.

குழுவில் இரண்டு பேர் பங்கு சேர்ந்ததால் பக்கத்தில் கைவிடப்பட்ட துண்டையும் எடுத்தோம். 2048 சதுர மீட்டர், சுமை 703. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள்: தேநீர்க் கடை, ரயில், படகு. பாதிக்கு மேல் வெறும் புல்லாக விட்டோம். எங்கள் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்துக்கு ஆட்கள் கூடினால் நிற்க இடம் வேண்டும் என்று நான் வாதாடினேன். கூத்து இன்னும் நடக்கவில்லை. மறுபக்கத்து அயலவர் ஒருவர் வானுயரச் சிவப்புக் கட்டிடம் ஒன்றை எழுப்பியபோது, எல்லையில் சுவர் கட்டுவோமா என்று பேச்சு வந்தது. சுவர் வேண்டாம், நிரையாக நான்கு சவுக்கு மரம் போதும் என்றேன். தோட்டத்தில் காற்றுக்கும் நிழலுக்கும் வைக்கும் கிரவில்லியாவைத்தான் நாங்கள் சவுக்கு என்போம். மரத்துக்கு இரண்டு சுமை. சிவப்பு இன்னும் இலைக்கு நடுவே கொஞ்சம் தெரிகிறது. இருக்கட்டும், அவருடைய காணி.

போன வருடம் நீலகிரியின் கூடலூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். பேரன் கணினியில் அவதாரம் எடுத்து நடத்த, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு என்று கணக்கில் எழுதப்பட்ட ஐந்தேகால் லட்சம் பேரில் ஒருவர். சின்ன வயதில் பொகவந்தலாவைப் பக்கமிருந்து கப்பலேறியவர். நீலகிரியிலும் தேயிலைதான் எடுத்தாராம். அவர் சொல்லச் சொல்லப் பையன் எழுதினான். நானும் அம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஒரு மணி நேரம் எங்கள் இரண்டு பேரின் விரல்கள் வழியாக அவர்கள் இருவரும் பேசினார்கள். பெரும்பாலும் அட்டைக்கடி பற்றியும், எந்த மலையில் கொழுந்து சீக்கிரம் முற்றும் என்பது பற்றியும். அங்கும் இங்கும் ஒரே நேரம், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னால்; ஆகவே பூங்காவில் இருட்டியபோது கூடலூரிலும் இருட்டியிருந்தது.

போகும்போது அந்த அம்மா ஒரு குறை சொன்னதாகப் பையன் எழுதினான்: “பீலிக்கரையில் ஏன் ஒரு வாளிகூட இல்லை? தண்ணீர் சும்மா ஓடுகிறது.”

என் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். தானும் இதைச் சொல்ல நினைத்ததாக அந்தப் பார்வை சொன்னது.

அன்றிரவே ஒரு தகர வாளி செய்தேன், விளிம்பு நசுங்கியது, பிடி கம்பியால் கட்டியது. ஒரு சுமை. வைத்த பிறகு கணக்கைப் பார்த்தேன்: 703இல் 700. மீதி மூன்று. அம்மா ஒன்றைத் தனக்கு என்று எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார், எதற்கு என்று இன்னும் சொல்லவில்லை.